டிஎக்ஸ் கிளஸ்டர்

டிஎக்ஸ் கிளஸ்டர் என்பது, எந்த அலைவரிசையில் எந்த நிலையம் இப்போது கேட்கிறது என்ற செய்தியை ஹாம் வானொலியாளர்கள் உடனுக்குடன் பகிர்ந்துகொள்ளும் கணினி வலையமைப்பு. ஹாம்களின் பேச்சில் 'டிஎக்ஸ்' என்றால் தொலைதூர நிலையம். அப்படியொரு நிலையத்தைக் கேட்டவர் வலையில் இடும் ஒற்றை வரி அறிவிப்பு 'ஸ்பாட்', இட்டவர் 'ஸ்பாட்டர்'. ஒரு மூலையில் இட்ட ஸ்பாட் சில நொடிகளில் உலகெங்கும் பரவிவிடும். வந்து குவியும் ஸ்பாட்டுகளில் தன் ஆன்டெனாவுக்கு எட்டக்கூடியவற்றை மட்டும் பிரித்தெடுப்பது வடிகட்டல். கிளஸ்டரைப் பயன்படுத்தும் திறமையில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

வரலாறு

கிளஸ்டர் வருவதற்கு முன், அரிய நிலையம் ஒன்று காற்றில் வந்திருப்பதை ஹாம்கள் தொலைபேசியிலும், உள்ளூர் விஎச்எஃப் குரல் வழியாகவும், அச்சிட்ட செய்திமடல்கள் மூலமும் அறிந்தார்கள். செய்திமடல் கைக்கு வரும்போது அந்த நிலையம் பெட்டி கட்டிப் போயிருக்கவும் கூடும்.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டிக் நியூவெல் (அவருடைய அழைப்புக்குறி, அதாவது கால்சைன், ஏகே1ஏ) பாக்கெட்கிளஸ்டர் என்ற மென்பொருளை எழுதினார். கணினித் தரவைச் சிறு பொட்டலங்களாக்கி வானொலியிலேயே அனுப்பும் பாக்கெட் ரேடியோ அதன் அடிப்படை. 2 மீட்டர் பட்டையில் நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் ஓடிய இணைப்புகளில், ஒரு வட்டாரத்து ஹாம்கள் கணு எனப்படும் பொதுவான ஒரு கணினியோடு இணைந்தார்கள். கணுக்கள் ஒன்றோடொன்று இணைந்தன. 1990களில் இணையம் பரவியபோது கணுக்களுக்கு இடையிலான இணைப்பு, இணையவழி உரை இணைப்பான டெல்நெட்டுக்கு மாறியது. வட்டார வலைகள் உலக வலையாயின. இங்கிலாந்தின் டிர்க் கூப்மன் (ஜி1டிஎல்எச்) 1998 முதல் உருவாக்கிய டிஎக்ஸ்ஸ்பைடர் இன்று பரவலாகப் புழங்கும் கணு மென்பொருள். ஏஆர்-கிளஸ்டர், சிசி கிளஸ்டர் ஆகியவையும் புழக்கத்தில் உள்ளன.

ஸ்பாட்டின் வடிவம்

திரையில் ஒரு ஸ்பாட் ஏறத்தாழ இப்படித் தெரியும். உண்மையில் இது ரோமன் எழுத்தில் வரும்:

டிஎக்ஸ் டி 9வி1…: 14025.0 வியு4… அப் 2 1230இசட்

முதலில் இருப்பது ஸ்பாட்டரின் கால்சைன். 9வி1 என்ற முன்னொட்டு அவர் சிங்கப்பூர்க்காரர் என்று காட்டுகிறது. அடுத்தது கிலோஹெர்ட்சில் அலைவரிசை. அதற்கடுத்தது கேட்ட நிலையம். வியு4 என்றால் அந்தமான் நிக்கோபார். 'அப் 2' என்பது ஸ்பாட்டர் எழுதிய குறிப்பு: அந்த நிலையம் 14025இல் பேசினாலும் 2 கிலோஹெர்ட்ஸ் மேலே, 14027இல்தான் காது வைத்திருக்கிறது. இதைப் படிக்காமல் 14025இலேயே கூப்பிடுபவர் எல்லோருடைய வசைக்கும் ஆளாவார். கடைசியில் வருவது உலகப் பொது நேரம். 1230 என்றால் இந்திய நேரம் மாலை 6 மணி.

கணுக்கள் தமக்குள் இதே செய்தியைக் குறியீட்டு வாக்கியமாகப் பரிமாறிக்கொள்கின்றன. எந்தக் கணுவிலிருந்து கிளம்பியது, இன்னும் எத்தனை தாவல்வரை போகலாம் என்ற விவரங்களும் அதில் உண்டு. ஒரே ஸ்பாட் வலைக்குள் வட்டமடித்துத் திரும்பத் திரும்ப வராதபடி ஒவ்வொரு கணுவும் நகல்களைத் தள்ளிவிடும்.

இணைதல்

கணுவோடு இணைய டெல்நெட் நிரல் ஒன்று போதும். கணுவின் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் திரை 'லாகின்' என்று கேட்கும். பயனர் தன் கால்சைனைத் தட்டினால் உள்ளே போய்விடலாம். பெரும்பாலான கணுக்கள் கடவுச்சொல் கேட்பதில்லை. 7300, 7373, 8000 ஆகியவை அடிக்கடி காணும் போர்ட் எண்கள்.

முதன்முறை நுழைபவரிடம் டிஎக்ஸ்ஸ்பைடர் சில விவரங்களைக் கேட்கும். 'செட்/நேம்' கட்டளையால் பெயரையும், 'செட்/கியூடிஎச்' கட்டளையால் ஊரையும், 'செட்/லொகேஷன்' கட்டளையால் அட்சரேகை, தீர்க்கரேகையையும் பதியலாம். பிறகு ஸ்பாட்டுகள் தாமாகவே வரி வரியாக வரத் தொடங்கும். பழையவற்றைப் பார்க்க 'எஸ்எச்/டிஎக்ஸ்' கட்டளை உண்டு. அதோடு ஒரு கால்சைனைச் சேர்த்தால் அந்த நிலையம் அண்மையில் எப்போது, எந்தப் பட்டையில் கேட்டது என்ற வரலாறு கிடைக்கும். தானே ஒரு ஸ்பாட் இட விரும்புபவர் 'டிஎக்ஸ்' என்று தட்டி அலைவரிசை, கால்சைன், குறிப்பு ஆகியவற்றை எழுதினால் போதும்.

இன்று பலரும் கட்டளைத் திரையைப் பார்ப்பதே இல்லை. தொடர்புகளைப் பதியும் லாக் மென்பொருளே கணுவோடு இணைந்து, ஸ்பாட்டுகளைப் பட்டைவாரியாக வரைந்து காட்டுகிறது. ஒன்றைச் சொடுக்கினால் ரிசீவர் அந்த அலைவரிசைக்குத் தாவுகிறது.

வடிகட்டல்

ஸ்பாட் என்பது ஒருவர் ஓரிடத்தில் கேட்டதற்கான சாட்சி மட்டுமே. சிற்றலை அயனி மண்டலத்தில் மோதித் திரும்பித் தரையிறங்குவதால், ஓர் ஊரில் கணீரென்று கேட்கும் நிலையம் இன்னோர் ஊரில் மூச்சே விடாமல் இருக்கலாம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் 1,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிக தூரம். அங்கிருந்து உயர்ந்த பட்டை ஒன்றில் வரும் அலை சென்னையின் தலைக்கு மேலாகத் தாவி ஐரோப்பாவில் இறங்கிவிடுவது உண்டு. எனவே வடிகட்டுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யார் கிடைக்கிறார் என்பதைவிட, யாருக்குக் கேட்டிருக்கிறது என்பதே.

இதற்கு உதவுவது 'சிக்யூ மண்டலம்'. உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியப் பெருநிலமும் இலங்கையும் லட்சத்தீவும் 22ஆம் மண்டலம். அந்தமானும் தாய்லாந்தும் மியான்மரும் 26. மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் 28. டிஎக்ஸ்ஸ்பைடரில் 'கால்_ஸோன்' என்ற சொல் ஸ்பாட்டில் உள்ள நிலையத்தின் மண்டலத்தைக் குறிக்கும்; 'பை_ஸோன்' ஸ்பாட்டரின் மண்டலத்தைக் குறிக்கும். சென்னைவாசி ஒருவர் 'ஆக்செப்ட்/ஸ்பாட்ஸ் பை_ஸோன் 22,26,28' என்று கட்டளையிட்டால், தன் வட்டாரத்துக் காதுகளுக்கு எட்டியவை மட்டும் அவர் திரைக்கு வரும். ஓடிக்கொண்டிருந்த திரை சட்டென்று நிதானமாகும். வரும் ஒவ்வொரு வரியும் முயன்று பார்க்கத் தக்கதாக இருக்கும்.

அடிப்படைக் கட்டளைகள் இரண்டு. 'ஆக்செப்ட்' போட்டால் அதற்குப் பொருந்துபவை மட்டும் வரும், மற்றவை நின்றுவிடும். 'ரிஜெக்ட்' போட்டால் பொருந்துபவை நிற்கும், மற்றவை வரும். மோர்ஸ் தெரியாத ஒருவர் 'ரிஜெக்ட்/ஸ்பாட்ஸ் ஆன் எச்எஃப்/சிடபிள்யூ' என்று போட்டால் சிற்றலை (எச்எஃப்) மோர்ஸ் (சிடபிள்யூ) ஸ்பாட்டுகள் மறையும், மற்ற எல்லாம் தொடரும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். 20 மீட்டர் பட்டையும் வேண்டும் என்ற எண்ணத்தில் அதற்கு ஓர் 'ஆக்செப்ட்' போடுவார்கள். அந்தப் பட்டையைத் தவிர எல்லாம் காணாமல் போகும். விதிகளை 0 முதல் 9 வரை எண்ணிட்டு அடுக்கலாம். ஒரே எண்ணில் இரண்டும் இருந்தால் 'ரிஜெக்ட்' முதலில் பார்க்கப்படும். என்ன விதிகள் நடப்பில் உள்ளன என்பதை 'ஷோ/ஃபில்டர்' காட்டும். 'கிளியர்/ஸ்பாட்ஸ் ஆல்' அவற்றைத் துடைக்கும்.

கணு சிக்னலைக் கேட்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு ஸ்பாட் மோர்ஸா, குரலா, தரவா என்பதை அது அலைவரிசை அட்டவணையைப் பார்த்தே ஊகிக்கிறது. மோர்ஸுக்கு ஒதுக்கிய பகுதியில் ஒரு நிலையம் தரவுமுறையில் இயங்கினால் வடிகட்டி ஏமாந்துபோகும்.

கட்டளை மொழி மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். டிஎக்ஸ்ஸ்பைடரில் பழகியது ஏஆர்-கிளஸ்டரில் செல்லாது. அதனால் சிலர் கணுவில் வடிகட்டாமல் தம் லாக் மென்பொருளில் வடிகட்டுகிறார்கள். ஏற்கெனவே தொடர்புகொண்ட நாடுகளை லாக் அறியும், கணு அறியாது. இன்னும் கிடைக்காத நாடு வந்தால் மட்டும் மணியடி என்ற விதி லாக்கில்தான் சாத்தியம்.

தானியங்கி ஸ்பாட்டுகள்

அலெக்ஸ் ஷோவ்கொப்லியாஸ் (விஇ3என்இஏ) எழுதிய சிடபிள்யூ ஸ்கிம்மர் 2008இல் வந்தது. ஒரு பட்டையில் ஒலிக்கும் பல மோர்ஸ் சிக்னல்களை இது ஒரே நேரத்தில் படிக்கும். இதை ஆதாரமாகக் கொண்டு எழுந்த ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கில் ஸ்பாட்டர் மனிதரல்ல, கணினி. இத்தகைய ஸ்பாட்டரின் கால்சைனுக்குப் பின்னால் சிறுகோடும் எண்குறியும் இருக்கும். குறிப்பில் சிக்னல் வலு டெசிபெலிலும் மோர்ஸ் வேகம் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்றும் வரும். போட்டி நடக்கும் வார இறுதிகளில் இந்த ஸ்பாட்டுகள் கண்ணால் படிக்க முடியாத வேகத்தில் ஓடும். 2017இல் வந்த எஃப்டி8 தரவுமுறை இந்தப் பெருக்கை மேலும் கூட்டியது. சிசி கிளஸ்டரில் 'செட்/நோஸ்கிம்மர்', 'செட்/நோஎஃப்டி8' ஆகிய கட்டளைகள் இவற்றை அடியோடு நிறுத்தும்.

நம்பகத்தன்மையும் நெறியும்

மோர்ஸில் எஸ் மூன்று புள்ளி, எச் நான்கு, 5 ஐந்து. இரைச்சலில் ஒரு புள்ளி தவறினால் இல்லாத நிலையம் ஒன்று பிறந்துவிடும். இத்தகைய பிழை ஸ்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு லாக்கில் எழுதியவர்களுக்கு அந்தத் தொடர்பு செல்லாமல் போகும்.

பல போட்டிகளில், ஸ்பாட்டுகளைப் பயன்படுத்தித் தனியாளாக இயங்குபவர் தனிப் பிரிவில்தான் சேர வேண்டும். தன்னைத் தானே ஸ்பாட் செய்வதற்குத் தடையும் உண்டு. மலையுச்சிகளிலிருந்தும் பூங்காக்களிலிருந்தும் எளிய கருவிகளோடு இயங்கும் சோட்டா, போட்டா திட்டங்களிலோ அது வழக்கமான நடைமுறை.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் (வியு2ஆர்பிஐ) குழுவினர் போர்ட் பிளேரிலிருந்து இயங்கியபோது, அரிதாகிப் போயிருந்த அந்தமானைப் பிடிக்க உலகமே காத்திருந்தது. டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் அதே நிலையம் அவசரத் தொடர்புக்கு மாறியது. இத்தகைய அரிய நிலையத்துக்கு ஸ்பாட் விழுந்த நொடியில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் குவியக்கூடும். ஆகவே ஸ்பாட்டைக் கண்டதும் மைக்கை எடுக்காமல், அந்த நிலையம் தன் கால்சைனைச் சொல்லும்வரை கேட்டு, அது எங்கே காது வைத்திருக்கிறது என்று உறுதி செய்த பிறகே அழைக்க வேண்டும் என்பது ஹாம்களிடையே நிலைபெற்ற நெறி.