தேய்வதற்கென்று ஓர் உலோகம்

அமெரிக்காவின் ஓஹையோவிலோ மிச்சிகனிலோ தலைமுறைகளாக இயங்கிவந்த மரப்பட்டறை ஒன்று மூடப்படுகிறது என்றால், அதிலுள்ள பொருட்கள் ஏலத்துக்கு வரும். கைக்கருவிகள் முதலில் விற்றுப்போகும். அடுத்து, புதிய இயந்திரங்கள். கேட்பாரற்றுக் கடைசிவரை மூலையில் நிற்பது பெரும்பாலும் ஒரு பட்டை ரம்பமாக இருக்கும். நம்மூர் மர அறுவை மில்களில் 'பேண்ட் சா' என்று அழைக்கப்படுவதன் மூதாதை அது. ஆளுயரத்தைத் தாண்டிய வார்ப்பிரும்பு உடல், மேலும் கீழுமாக 36 அங்குல விட்டமுள்ள இரண்டு சக்கரங்கள், அவற்றைச் சுற்றி ஓடும் பற்கள் வெட்டிய எஃகுப் பட்டை, நடுவில் மரம் வைத்து அறுக்க ஒரு மேசை. முக்கால் டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள இதைத் தூக்கிச் செல்லும் செலவே பலரைப் பின்வாங்க வைத்துவிடும்.

ஆயினும் இதை வாங்கிச் சென்று மாதக்கணக்கில் பாடுபட்டு மீண்டும் ஓடவைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் சற்று நின்று கவனித்தால், ஒரு பழைய ஏட்டைப் பதிப்பிக்கிறவனின் வேலைக்கு அது எவ்வளவு நெருக்கமானது என்பது தெரியவரும். எதை அப்படியே வைத்துக்கொள்வது, எதைத் திருத்துவது என்ற கேள்வி இருவருக்கும் பொதுவானது. இரும்பைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு விடை காண, அதன் வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

மரம் அறுப்பது நெடுங்காலம் இரண்டு மனிதர்களின் வேலையாக இருந்தது. குழிக்குள் ஒருவன், மேலே ஒருவன், நடுவே நீண்ட ரம்பம். இங்கிலாந்தில் இவர்களுடைய பிழைப்பில் கைவைக்க முயன்ற முதல் இயந்திரங்களுள் ஒன்று, லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் சார்லஸ் டிங்லி என்ற வணிகர் நிறுவிய காற்றாலை ரம்பம். 1768இல் அறுப்புத் தொழிலாளர்கள் திரண்டு வந்து அதைச் சிதைத்தார்கள். ரம்ப இயந்திரத்தின் வரலாறு தொடங்கும்போதே, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்ற வழக்கும் தொடங்கிவிட்டது எனலாம்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே லண்டனில் வில்லியம் நியூபெரி என்பவர் பட்டை ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆண்டு 1808. முன்னும் பின்னும் போய்வரும் ரம்பம் திரும்பும் வேளையில் நேரத்தை வீணாக்குகிறது. முடிவற்ற வளையமாக ஓடும் பட்டைக்கு அந்தக் குறை இல்லை. எண்ணம் சரிதான். ஆனால் பட்டையின் இரு முனைகளையும் பற்றவைத்த இடம் சிறிது நேரத்திலேயே அறுந்துபோனது. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். 36 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 450 முறை சுழன்றால், பட்டை நிமிடத்துக்கு 4,200 அடிக்கு மேல் ஓடுகிறது. பட்டையின் நீளம் 19 அடி என்று கொண்டால், பற்றவைத்த அந்த ஒரே இடம் நிமிடத்துக்கு 220 தடவைக்கு மேல் சுற்றிவருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வளைந்து இருமுறை நிமிர்கிறது. அக்காலத்து எஃகும் பற்றும் இதைத் தாங்கவில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஒரு பெண். பிரான்ஸைச் சேர்ந்த ஆன் பாலின் கிரெப்பான் 1846இல் பட்டையின் முனைகளைப் பற்றவைக்கும் புதிய முறையொன்றைக் கண்டறிந்தார். அந்த உரிமையைப் பாரிஸின் பெரான் நிறுவனம் வாங்கிக்கொண்டது. மேம்பட்ட எஃகும் பதப்படுத்தும் நுட்பமும் சேர்ந்தபின் பட்டை அறுபடாமல் ஓடத் தொடங்கியது. வட்ட ரம்பத்தைப் பற்றிப் பேசும்போது, மசாசூசெட்ஸின் ஷேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த டபிதா பேபிட் என்ற பெண்ணே அதைக் கண்டுபிடித்தார் என்ற கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அவர் பிறப்பதற்கு முன்பே, 1777இல், இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் பெற்ற காப்புரிமையில் வட்ட ரம்பம் குறிப்பிடப்பட்டுவிட்டது. ஐயத்துக்குரிய கதையின் நாயகி புகழ்பெற்றிருக்கிறார். காப்புரிமை ஏட்டில் இடம்பெற்ற கிரெப்பானை நினைப்பவர்கள் மிகச் சிலரே. வரலாறு இப்படியும் சில வேடிக்கைகளைச் செய்வதுண்டு.

வளைவுகளை அறுக்க வல்லது, மரத்தைக் குறைவாகத் தூளாக்குவது என்ற இரண்டு காரணங்களால் பட்டை ரம்பம் மரச்சாமான் தொழிலுக்கு இன்றியமையாததாயிற்று. நாற்காலிக் கால், கட்டிலின் தலைப்பலகை என எல்லாம் அதன் மேசையைக் கடந்தே போயின. சின்சினாட்டியில் ஃபே அண்ட் ஈகன், ஓஹையோவின் லீட்டோனியா என்ற சிற்றூரில் கிரெசண்ட், மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸில் ஆலிவர் எனப் பல நிறுவனங்கள் இவற்றை வார்த்துத் தள்ளின. கிராண்ட் ராபிட்ஸுக்கு 'மரச்சாமான் நகரம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இனி நம்முடைய ரம்பத்துக்கு வருவோம். வாங்க வந்தவர் முதலில் செய்வது, ஒரு மரச்சுத்தியலால் சக்கரங்களை மெல்லத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பது. சந்தையில் நம் பாட்டிமார் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கிய அதே முறைதான். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் எங்கோ விரிசல். வார்ப்பிரும்பில் விரிசலைச் சரிசெய்வது அரிது. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் அதற்கு முயல்வதும் அறிவுடைமை ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் துரு நீக்கும் வேலை. சிறு பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த நீரில் மூழ்க வைத்து, 12 வோல்ட் மின்சாரத்தின் எதிர்முனையை அவற்றிலும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் இணைத்தால், துரு தளர்ந்து கழன்று வரும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் காற்றோட்டமுள்ள இடத்திலேயே இதைச் செய்ய வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பலாகாது.

அழுக்கு விலக விலக இயந்திரம் தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குகிறது. கீழ்ச் சக்கரத்தின் அச்சில் அருகருகே இரண்டு கப்பிகள் இருந்தால், அது மின்சார மோட்டாருக்காகப் பிறந்ததன்று. தொழிற்கூடத்தின் கூரைக்கடியில் ஒரே நீண்ட தண்டு நீராவியாலோ நீர்ச் சக்கரத்தாலோ சுழல, அதிலிருந்து இறங்கிய தோல் பட்டை ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டிய காலம் அது. ஒரு கப்பி அச்சோடு இறுகியது. மற்றது அச்சின்மேல் சும்மா சுழல்வது. ரம்பத்தை நிறுத்த வேண்டுமானால் பட்டையை இறுகியதிலிருந்து தளர்ந்ததற்குத் தள்ள வேண்டும். தள்ளிய பின்னும் கனத்த சக்கரங்கள் நெடுநேரம் ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் அவசரமாகத் துளையிட்டுப் பொருத்திய மோட்டார்த் தாங்கி இருந்தால், அது இன்னொரு தலைமுறையின் கையெழுத்து.

ஆனால் இந்த இயந்திரத்தின் உயிர்நாடி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அச்சைத் தாங்கும் பேரிங்கில் குண்டுகள் இல்லை. மங்கிய வெள்ளி நிறத்தில் மென்மையான ஓர் உலோகம் வார்க்கப்பட்டிருக்கிறது. மசாசூசெட்ஸைச் சேர்ந்த ஐசக் பேபிட் 1839இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. அந்த உலோகத்துக்கே பேபிட் என்று பெயராகிவிட்டது. இன்று பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் நூற்றுக்கு 89 பங்கு வெள்ளீயமும், 7.5 பங்கு ஆன்டிமனியும், 3.5 பங்கு செம்பும் உண்டு. எண்ணெய்ப் படலத்தின்மேல் எஃகு அச்சு இதில் வழுக்கிச் சுழல்கிறது. தூசித் துணுக்கு உள்ளே புகுந்தால் மென்மையான உலோகம் அதைத் தனக்குள் புதைத்துக்கொள்கிறது. எண்ணெய் வற்றினால் தானே தேய்ந்தும் உருகியும் போய் அச்சைக் காப்பாற்றுகிறது. தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட உலோகம் அது.

தேய்ந்ததை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வார்க்கலாம். அச்சின்மேல் புகைக்கரி படிய வைப்பார்கள், உலோகம் ஒட்டாதிருக்க. அச்சை நூல் பிடித்தாற்போல் நிறுத்தி, இடுக்குகளை மக்கு வைத்து அடைத்து, எல்லாவற்றையும் நன்றாகச் சூடாக்குவார்கள். ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது ஆவியாகி வெடித்து, உருகிய உலோகத்தை முகத்தில் வாரியிறைத்துவிடும். பைன் மரக்குச்சி ஒன்றை உருகிய உலோகத்தில் நுழைத்து, அது தீப்பற்றாமல் கருகினால் பதம் வந்துவிட்டது என்று கொள்வார்கள். பிறகு ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். இடையில் நிறுத்தினால் உள்ளே மடிப்பு விழும். ஆறியபின் அச்சில் நீலம் பூசிச் சுழற்றி, நீலம் பட்ட மேடுகளைச் சுரண்டி, மறுபடி பூசி, மறுபடி சுரண்டி... பொறுமையுள்ளவனுக்கே இந்த வேலை. மேல் மூடிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். உலோகம் தேயத் தேய ஒவ்வொரு தகடாக எடுத்துவிட்டால் பிடி மறுபடி சரியாகும். இந்த இயந்திரத்தை வடித்தவர்கள், தேய்மானம் வரும், அதைச் சரிசெய்ய ஒருவன் வருவான் என்று நம்பினார்கள். நூறாண்டு கழித்தும் அவனுக்கு வேலை எளிதாக இருப்பது அந்த நம்பிக்கையின் பயன்.

இந்த இடத்தில் நமக்கு நெகிழ்ச்சி வருவது இயல்பு. ஆனால் சக்கரங்களை மீண்டும் ஒருமுறை பார்ப்போம். பல பழைய ரம்பங்களில் அவற்றுக்கு மூடி கிடையாது. மேலிருந்து கீழ்வரை பட்டை திறந்தபடியே ஓடும்.

1911 ஏப்ரலில் கிராண்ட் ராபிட்ஸில் 6,000க்கும் மேற்பட்ட மரச்சாமான் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டச்சு, போலந்துக் குடியேறிகள் பலர். ஒன்பது மணி நேர வேலைநாளும் பத்து விழுக்காடு ஊதிய உயர்வும் கேட்டார்கள். ஆகஸ்டில், கேட்டது கிடைக்காமலே போராட்டம் முடிந்தது. அந்நாளில் விரல் இழந்த தொழிலாளி நீதிமன்றம் போனால், முதலாளிக்கு மூன்று கேடயங்கள் இருந்தன: உன் கவனக்குறைவும் இதில் உண்டு, தவறு செய்தவன் உன் சக தொழிலாளி, ஆபத்து தெரிந்தேதான் நீ வேலைக்கு வந்தாய். மிச்சிகனில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1912இல்தான். அச்சு தேயக் கூடாதென்று அதன் பக்கத்தில் ஒரு மென்மையான உலோகத்தை வைக்கத் தெரிந்த அதே காலம், இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் ஒரு தகட்டை வைக்கத் தயங்கியது. அங்கே தேய வேண்டியவன் தொழிலாளியாக இருந்தான்.

ஆகவே புதுப்பிப்பவர் முன் ஒரு கேள்வி எழுகிறது. பழமை கெடாமல் மீட்பதென்றால், திறந்த சக்கரங்களையும் அப்படியே மீட்பதா? அசல் வடிவத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. நாம் அவர்களோடு உடன்படவில்லை. பேபிட்டை மறுபடி வார்க்கலாம், பழைய வண்ணத்தைத் தேடிப் பூசலாம், பெயர் பொறித்த வார்ப்பெழுத்துக்களை அழுக்கு நீக்கித் துலங்க வைக்கலாம். சக்கரங்களுக்கு மட்டும் மூடி போடத்தான் வேண்டும். உற்று நோக்கினால், சில ரம்பங்களின் உடலில் இடைக்காலத்தில் யாரோ துளையிட்டு மூடி பொருத்திய தடங்கள் தென்படும். ஒழுங்கற்ற, அழகில்லாத துளைகள். வழக்கமாக அவற்றை அடைத்து மெழுகிவிடுவார்கள். அவை ஒருவேளை இந்த இயந்திரத்தின் வாழ்வில் நிகழ்ந்த மிக நல்ல திருத்தமாக இருக்கலாம். அந்தத் துளைகளை அடைக்காமல், அவற்றிலேயே புதிய மூடியின் திருகாணிகளை முடுக்குவதே சரியென்று நமக்குப் படுகிறது.