ஈஸ்டர் சாக்லேட் இனிப்புகளின் வரலாறு

ஈஸ்டர் சாக்லேட் இனிப்புகள் என்பவை, கிறித்தவர்கள் கொண்டாடும் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிச் செய்யப்படுவதும் பரிசளிக்கப்படுவதுமான சாக்லேட் தின்பண்டங்கள் ஆகும். முட்டை, முயல், பறவைக்கூடு ஆகியவை இவற்றின் வழக்கமான வடிவங்கள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் எனக் கணக்கிடப்படுகிறது. எனவே மேற்கத்தியத் திருச்சபைகளில் இவ்விழா மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரையிலான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வரும். ஐரோப்பாவில் அது இளவேனிற்காலம்.

இன்று பள்ளிச் சிறுவர்களும் வீட்டில் செய்துவிடும் இவ்வினிப்புகளை 200 ஆண்டுகளுக்கு முன்பு கைதேர்ந்த இனிப்புக் கலைஞர்களாலும் செய்ய முடியவில்லை. விழாவில் முட்டைக்கு உள்ள இடம் மிகப் பழையது; சாக்லேட் முட்டையோ அண்மைக் காலத்தது. இவை இரண்டும் இணைந்த வரலாற்றில் நோன்பு, இயந்திரம், போர், தொலைநாட்டு உழவர்களின் உழைப்பு ஆகிய நான்கிற்கும் பங்கு உண்டு.

தவக்காலமும் முட்டையும்

ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் நோன்புக் காலம் தவக்காலம் எனப்படுகிறது. இடைக்கால ஐரோப்பாவில் இந்நாட்களில் இறைச்சியுடன் முட்டை, பால், வெண்ணெய் ஆகியவையும் விலக்கப்பட்டிருந்தன. ஆனால் கோழிகளுக்கு நோன்பு கிடையாது. பகல் பொழுது நீளத் தொடங்கும் இளவேனிலில் அவை அதிகமாக முட்டையிடும். உண்ணப்படாத முட்டைகள் வீடுகளில் சேர்ந்தன. நோன்பு முடியும் நாளில் அவற்றை வேகவைத்துச் சாயமிட்டு, பிள்ளைகளுக்கும் பணியாளர்களுக்கும் கொடுக்கும் வழக்கம் பரவியது.

இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், 1290 ஆம் ஆண்டு ஈஸ்டருக்காக 450 முட்டைகளுக்கு 18 பென்சு செலவிட்ட குறிப்பு உள்ளது. அவை சாயமிடப்பட்டும் தங்க இதழ் ஒட்டப்பட்டும் அரண்மனையில் இருந்தோருக்கு வழங்கப்பட்டன. கிழக்குத் திருச்சபையினர் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் இடுவர். அச்சிவப்பு கிறித்துவின் இரத்தத்தையும், ஓட்டை உடைத்து வெளிவரும் உயிர் கல்லறையிலிருந்து உயிர்த்தெழுதலையும் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது.

முயலும் மணியும்

முட்டைகளைக் கொண்டு வருவது யார் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விடை உண்டு. ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் அது ஒரு காட்டுமுயல். 1682 இல் கியோர்க் பிராங்க் வான் பிராங்கெனாவ் என்ற மருத்துவர் எழுதிய இலத்தீன் நூலில் இந்நம்பிக்கை குறிப்பிடப்படுகிறது. பிள்ளைகள் தோட்டத்தில் புல்லால் கூடு அமைத்து வைப்பார்கள். முயல் அதில் முட்டையிட்டுச் செல்லும் என்பது கதை. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் வழியாக 18 ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் அமெரிக்காவை அடைந்தது. சாக்லேட் முயலும் சாக்லேட் கூடும் இக்கதையை நினைவூட்டும் வடிவங்கள்.

பிரான்சில் முயலுக்குப் பதிலாகக் கோயில் மணி முட்டைகளைக் கொண்டு வருகிறது. பெரிய வியாழன் முதல் ஈஸ்டர் வரை ஒலிக்காத மணிகள் உரோமைக்குப் பறந்து சென்று இனிப்புகளுடன் திரும்புவதாகச் சொல்வர். எனவே அங்கு மணி வடிவச் சாக்லேட்டும் விற்பனையாகிறது. ஐரோப்பியர் கொண்டு வந்த முயல்களால் நிலவளம் பெரிதும் பாழான ஆஸ்திரேலியாவில், அந்நாட்டின் அரிய விலங்கான பில்பியின் வடிவில் சாக்லேட் செய்யும் வழக்கமும் உண்டு.

பானத்திலிருந்து கட்டிக்கு

சாக்லேட் ஐரோப்பாவில் நெடுங்காலம் குடிக்கும் பொருளாகவே இருந்தது. அரைத்த கொக்கோ விழுது கரடுமுரடானது, கசப்பானது, எளிதில் உதிர்வது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் செய்யப்பட்ட முதல் சாக்லேட் முட்டைகள் உள்ளீடு நிறைந்த கெட்டி உருண்டைகளாக இருந்தன. மெல்லிய ஓடாக வார்க்கும் அளவுக்கு விழுது இளகி ஓடாததே அதற்குக் காரணம்.

1828 இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தினர் கொக்கோவைப் பிழிந்து கொழுப்பைப் பிரிக்கும் அழுத்து இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றனர். கொக்கோ வெண்ணெய் எனப்படும் அக்கொழுப்பைச் சர்க்கரை சேர்ந்த கொக்கோவுடன் கூடுதலாகக் கலந்தால், சூட்டில் இளகி ஊற்ற வருவதும் ஆறியபின் இறுகுவதுமான கலவை கிடைத்தது. பிரிஸ்டல் நகரின் பிரை நிறுவனம் 1847 இல் இம்முறையில் உண்ணும் சாக்லேட் கட்டியை வார்த்தது. சுவிட்சர்லாந்தில் 1870களில் தானியேல் பீட்டர் பால் சாக்லேட்டை உருவாக்கினார். 1879 இல் ரொடால்ப் லிண்ட் நெடுநேரம் கடையும் முறையைக் கண்டறிந்தார். நாவில் கரையும் மென்மை அதனால் வந்தது.

முதல் வெற்று முட்டைகள்

பிரை நிறுவனம் 1873 இல் பிரித்தானியாவின் முதல் வெற்றுச் சாக்லேட் முட்டையை வெளியிட்டது. 1875 இல் காட்பரி நிறுவனமும் முட்டை செய்யத் தொடங்கியது. அதன் முதல் முட்டைகள் பால் சேராத கருஞ்சாக்லேட்டால் ஆனவை. வெளிப்புறம் வழுவழுப்பாகவும் உள்ளே சர்க்கரை பூசிய சிறு மிட்டாய்கள் நிரப்பியும் இருந்தன. அச்சின் உட்புறத்தில் சாக்லேட்டைப் பூசி அரை ஓடுகளாக எடுத்து, பின் இரண்டையும் ஒட்டுவர். வழுவழுப்பான ஓட்டில் சிறு குறையும் பளிச்சென்று தெரியும். முதலைத் தோல் போன்ற வரிகளை அச்சில் பொறித்து அக்குறைகளை மறைக்கும் உத்தி ஜெர்மனியிலிருந்து வந்தது. இன்றும் பல முட்டைகளில் காணப்படும் வெடிப்புக் கோலத்தின் தோற்றம் இதுவே. 1905 இல் காட்பரியின் பால் சாக்லேட் விற்பனைக்கு வந்தபின் ஈஸ்டர் முட்டை பெருவாரியான மக்களின் பரிசாக மாறியது.

பங்கீட்டுக் காலம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் 1942 சூலை மாதம் இனிப்புகளுக்குப் பங்கீடு அறிவிக்கப்பட்டது. பெரும்பாலான காலத்தில் ஒருவருக்கு 4 வாரங்களுக்கு 12 அவுன்சு, அதாவது சுமார் 340 கிராம் இனிப்பே கிடைத்தது. சாக்லேட்டில் முழுப் பாலுக்குப் பதிலாகக் கொழுப்பு நீக்கிய பால்பொடி சேர்க்கப்பட்டது. 1949 ஏப்ரலில் பங்கீடு நீக்கப்பட்டாலும், மக்களின் தேவைக்குக் கையிருப்பு ஈடுகொடுக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பங்கீடு மீண்டும் வந்தது. 1953 பிப்ரவரி 5 அன்றுதான் அது முற்றிலும் முடிந்தது. அவ்வாண்டு ஈஸ்டர் ஏப்ரல் 5 அன்று வந்தது. போர்க்காலத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் பங்கீட்டு அட்டை இல்லாமல் இனிப்பு வாங்கிய முதல் ஈஸ்டர் அதுவாகவே இருந்தது.

வீட்டுச் சமையலறையில்

சமையலுக்கான சாக்லேட் கட்டிகளும் காலை உணவுக்கான சோள அவலும் கடைகளில் எளிதில் கிடைத்தபின், வீட்டில் செய்யும் ஈஸ்டர் இனிப்புகள் பெருகின. அவற்றுள் பிரித்தானியப் பள்ளிகளிலும் வீடுகளிலும் பரவலாகச் செய்யப்படுவது சாக்லேட் கூடு.

100 கிராம் சாக்லேட், 50 கிராம் வெண்ணெய், 3 மேசைக்கரண்டி சர்க்கரைப் பாகு ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் இட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குவர். இக்கலவையில் 100 கிராம் சோள அவலைச் சேர்த்துக் கிளறி, காகிதக் கிண்ணங்களில் இட்டு, நடுவில் கரண்டியால் குழி செய்து, 3 சிறு மிட்டாய் முட்டைகளை வைப்பர். குளிர்ந்தபின் அது கூடாக இறுகிவிடும். உருகும் சாக்லேட்டில் ஒரு துளி நீர் பட்டாலும் அது திரண்டு கட்டியாகிவிடும் என்பதே கவனிக்க வேண்டியது.

முட்டை வார்ப்பது இவ்வளவு எளிதன்று. கொக்கோ வெண்ணெய் 6 வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாம் வகையே பளபளப்பும் 'படக்'கென்று உடையும் தன்மையும் தருவது. அது சுமார் 34 பாகை செல்சியசில் உருகும். அப்படிகத்தைப் பெறக் கருஞ்சாக்லேட்டை 45 முதல் 50 பாகை வரை சூடாக்கி, 27 அல்லது 28 பாகைக்குக் குளிரவைத்து, மீண்டும் 31 அல்லது 32 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். சரியாக உறைந்த சாக்லேட் சற்றே சுருங்குவதால் அச்சிலிருந்து தானாக விடுபடும். தவறினால் வெண்படலம் பூத்து ஒட்டிக்கொள்ளும். கூட்டில் வெண்ணெயும் பாகும் கலப்பதால் இந்தப் பதம் தேவைப்படுவதில்லை. பிள்ளைகளின் கைக்குக் கூடு எட்டியதற்கு இதுவே காரணம். அச்சு இல்லாத வீடுகளில், துளையிட்டு உள்ளீட்டை அகற்றிச் சுத்தம் செய்த கோழி முட்டை ஓட்டிலேயே சாக்லேட்டை ஊற்றி உறையவைப்பதும் உண்டு.

கொக்கோவின் மறுபக்கம்

அடுப்படியில் எளிதாகிவிட்ட இந்த இனிப்புக்குப் பின்னால் கடினமான உழைப்பு உள்ளது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்பரி, பிரை, ரவுன்றீ ஆகிய நிறுவனங்கள் போர்த்துக்கீசிய ஆட்சியிலிருந்த சாவோ தோமே தீவிலிருந்து கொக்கோ வாங்கின. அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் அங்கு அடிமைகளைப் போல வேலை வாங்கப்பட்டதை என்றி நெவின்சன் என்ற இதழாளர் 1906 இல் நூலாக வெளியிட்டார். அந்நிறுவனங்கள் 1909 இல்தான் அத்தீவின் கொக்கோவைப் புறக்கணித்தன.

இன்று உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேற்பட்டது ஐவரி கோஸ்ட், கானா ஆகிய 2 நாடுகளில் சிறு உழவர்களால் விளைவிக்கப்படுகிறது. தோட்டங்களில் சிறுவர்கள் வெட்டுக்கத்தியுடன் செய்யும் ஆபத்தான வேலைகளை ஒழிப்பதற்காக 2001 இல் சாக்லேட் நிறுவனங்கள் ஆர்கின்–எங்கல் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2005 க்குள் எட்டுவதாகக் கூறிய இலக்கு நிறைவேறவில்லை. பிள்ளைகளுக்குத் தரும் பரிசின் மூலப்பொருளில் வேறு பிள்ளைகளின் உழைப்பு கலந்திருப்பது இன்றும் தீராத சிக்கலாக உள்ளது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் சமவெளிகளில் ஈஸ்டர் கோடை வெயிலில் வருகிறது. வெப்பம் சாக்லேட்டின் உருகுநிலையைத் தாண்டுவதால், குளிர்பதனப் பெட்டியின்றி அதை வார்ப்பது கடினம். குளிர்ந்த உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் வீட்டுமுறைச் சாக்லேட் தயாரிப்பு சிறுதொழிலாக வளர்ந்திருப்பதற்கு அங்குள்ள தட்பவெப்பமும் துணைநிற்கிறது. பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னந்தோப்புகளின் நிழலில் கொக்கோ ஊடுபயிராகப் பயிரிடப்படுகிறது.