வாவியின் இரு கரைகளும் உதைபந்தாட்ட அக்கடமிகளும்

தனியார் உதைபந்தாட்ட அக்கடமிகளை இளையோருக்கான போட்டிகளில் அணிகளாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வி நமது விளையாட்டு வட்டாரங்களில் இப்போது அடிக்கடி எழுகிறது. முறையான பயிற்சி அங்குதான் கிடைக்கிறது, ஆகவே சேர்க்க வேண்டும் என்பர் சிலர். காசுள்ளவன் பிள்ளைக்கு மட்டுமே அங்கு இடம், ஆகவே கூடாது என்பர் வேறு சிலர். இரு தரப்பாரும் இவ்வூரின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தபின் வாதிட்டால் நல்லது என்பது என் எண்ணம். மட்டக்களப்பில் பிள்ளைகளின் விளையாட்டை முதன்முதலில் ஒழுங்கமைத்தது அரசு அன்று.

வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814 இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873 இல் தோன்றிய புனித மைக்கேல் கல்லூரி, சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால் 1929 இல் கல்லடி உப்போடையில் எழுந்த சிவானந்த வித்தியாலயம் ஆகிய மூன்றும் மிஷன்கள் நடத்தியவை. மைதானம், பயிற்றுநர், அணி, கல்லூரிகளுக்கிடையிலான போட்டி என்பனவெல்லாம் இத்தகைய நிறுவனங்களின் வழியாகவே வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தன. இன்றைய சொல்லில் கூறினால் அவையும் தனியார் நிறுவனங்களே.

இரண்டாம் உலகப்போரை ஒட்டிய காலத்தில் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவிகள் இங்கு வரத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான அருட்தந்தை ஹரோல்ட் வெபர் விளையாட்டுக்கு ஆற்றிய பணிக்காகவே நகரின் பிரதான மைதானம் வெபர் அரங்கு என்று வழங்குகிறது. இன்னொருவர் அருட்தந்தை யூஜின் ஹேபர்ட். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர். 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். இவ்விருவரும் எந்தத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலிலும் விளையாட்டுப் பயிற்றுநராக இருந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் பழக்கிய பிள்ளைகள் பாடசாலையின் சட்டையை அணிந்தே களமிறங்கினார்கள். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கல்லூரிகளுக்கு இருந்த மற்றொரு சிறப்பு மாணவர் விடுதி. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே எழுவான்கரை; மேற்கே படுவான்கரை. நகரமும் பெரிய பாடசாலைகளும் மைதானங்களும் கடலோரப் பக்கம். வயலும் கால்நடையும் வறுமையும் மறுபக்கம். கல்லடியில் சீமாட்டி மனிங் பாலம் 1924 இலேயே வந்துவிட்டது. மண்முனையிலோ 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை படுவான்கரை மக்கள் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். அந்த நிலைமையிலும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளை ஒருவன் நகரத்தில் விளையாடினான் என்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் விடுதியில் அவனுக்குக் கிடைத்த ஒரு பாயும் மூன்று வேளைச் சோறுமே. கல்லடியில் இராமகிருஷ்ண மிஷன் நடத்திய மாணவர் இல்லம் வறிய பிள்ளைகளுக்கு இவ்வகையில் ஆற்றிய தொண்டு பெரிது.

1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களோடு உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்கு மாறத் தொடங்கின. மேலே சொன்ன மூன்றும் இன்று அரச பாடசாலைகளே. கல்வியைச் சமமாக்க அது வேண்டியிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டடத்தையும் மைதானத்தையும் பொறுப்பேற்க முடிந்த அரசினால், மாலை ஐந்து மணிக்குப் பின்னும் மைதானத்தில் நிற்கும் ஒரு மனிதரைச் சுற்றறிக்கையால் உருவாக்க முடியவில்லை. பின்னர் போர் வந்தது. பாடசாலைகள் அகதி முகாம்களாயின. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் கரையோரக் கிராமங்களையும் சிதைத்தது. பயிற்சியில் விழுந்த அந்த வெற்றிடத்தைத்தான் அக்கடமிகள் நிரப்ப முன்வருகின்றன. அவற்றைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எனக்குள்ள அச்சம் வேறு. ரியூட்டரிகள் நமது பாடசாலைகளுக்குச் செய்ததை நாம் கண்ணால் கண்டோம். முதலில் அவை பாடசாலைக்குத் துணை என்றன. பின்னர் உயர்தர வகுப்பு மாணவன் பாடசாலைக்கு வருவதே வரவுப் பதிவுக்காக என்றாயிற்று. உதைபந்தாட்டத்திலும் அதுவே நிகழலாம். அமெரிக்காவில் நிகழ்ந்தது. அந்நாட்டின் சம்மேளனம் 2007 இல் தொழில்முறைக் கழகங்களையும் தனியார் இளையோர் கழகங்களையும் ஒன்றாக்கி ஓர் அக்கடமி லீக்கைத் தொடங்கியது. 2012 இல் பத்து மாதப் பருவம் வகுத்து, அதில் ஆடுபவர்கள் தத்தம் பாடசாலை அணிகளுக்கு ஆடக்கூடாது எனத் தடுத்தது. பிள்ளைகள் பாடசாலையா அக்கடமியா என்று தெரிவுசெய்ய நேர்ந்தது. 2020 ஏப்ரலில், கொவிட் காலத்து நிதி நெருக்கடியில், சம்மேளனம் அந்த லீக்கையே கைவிட்டது.

இந்தியா வேறு வழியில் சென்றது. அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் அக்கடமிகளைத் தரம் பார்த்து, நட்சத்திரம் வழங்கி, அங்கீகாரம் பெற்றவற்றையே தனது இளையோர் லீக்குகளில் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. வெளியே நிறுத்தினால் கண்காணிக்க முடியாது, உள்ளே எடுத்தால் கேள்வி கேட்கலாம் என்பதே அதன் நியாயம். பீஃபாவின் விதிகளும் இதையே வேண்டுகின்றன. கழகத்தோடு தொடர்பற்ற அக்கடமி ஒன்று தேசிய போட்டிகளில் பங்குபற்றும் கழகமொன்றை நடத்த வேண்டும். அல்லது தன்னிடம் பயிலும் சிறுவர் அனைவரின் விபரத்தையும் தேசிய சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். பயிற்சிக்கான இழப்பீடும் பதிவுபெற்ற கழகத்துக்கே உரியது. பதிவில்லாத இடத்தில் வளர்ந்த பிள்ளை நாளை வெளிநாட்டுக் கழகத்தில் ஒப்பமிட்டாலும் அவனை வளர்த்தவருக்கு ஒரு சதமும் வராது. 2023 ஜனவரியில் பீஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஆகஸ்டிலேயே அத்தடையை நீக்கியது. ஆகவே விதிகளைத் தட்டிக்கழிப்பதன் விலை நமக்குத் தெரியாததன்று.

எனவே அக்கடமிகளைச் சேர்க்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, அவை கழகமாகப் பதிவுபெற்று மாவட்ட லீக்கின் கீழ் வர வேண்டும். பாடசாலைப் போட்டிகள் பாடசாலைகளுக்கே இருக்கட்டும். இரண்டு, பாடசாலை அணிக்கு ஆடும் பிள்ளையை எந்த அக்கடமியும் தடுக்கக்கூடாது. மூன்றாவதே முக்கியமானது. மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களுள் மட்டக்களப்பு மேற்கு முழுவதும் படுவான்கரை. பட்டிருப்பு வலயத்தின் ஒரு பகுதியும் அக்கரையில்தான். பொது மைதானத்தில் பயிற்சி நடத்த இடம் கேட்கும் அக்கடமி, அதற்கு ஈடாக அப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா இடங்களும் பஸ் செலவும் தர வேண்டும். மைதானத்தின் அனுமதிப் பத்திரத்திலேயே இதை எழுதிவிடலாம்.

மிஷன் பாடசாலைகளை நாம் இன்றும் நன்றியோடு நினைப்பதற்கு அவற்றின் கேடயங்கள் மட்டும் காரணமல்ல. அக்கரைப் பிள்ளைக்கும் அவற்றில் இடம் இருந்தது. அக்கடமிகளிடமும் நாம் அதைத்தான் கேட்க வேண்டும். அதையும் அனுமதி கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.