தாய்ப்பாலும் தடுப்பூசியும்: நாய்க்குட்டிகளைப் பீடிக்கும் ஒரு நோயின் வரலாறு

நாய்களைப் பீடிக்கும் வியாதிகளுள் வெறிநோய் மிகத் தொன்மையானது. அது எப்போது தோன்றியதென்று கூற எவராலும் இயலாது. ஆனால், இன்று நாய்க்குட்டிகளைப் பெருவாரியாக மாய்த்துவரும் ‘பார்வோ’ என்னும் நோயோ நம் காலத்திலேயே பிறந்தது. அதன் பிறப்பையும், அதனை எதிர்த்து மனிதன் தேடிய காப்பையும் அறிந்துகொள்வது, டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி, வீட்டில் நாய் வளர்த்துவரும் நம்மவர்க்கு மிகவும் பயன்படும்.

1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் நாய்கள் திடீரென்று வாந்தியும் இரத்தபேதியும் கண்டு மடியலாயின. சில வாரக் குட்டிகள் நோய்க்குறி ஏதுமின்றியே, இதயம் பழுதுற்று, பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே உயிர்விட்டன. இரண்டே ஆண்டுகளில் அந்நோய் உலகெங்கும் பரவிற்று. அதற்குமுன் பெரும்பாலான நாய்கள் அதனைக் கண்டதில்லையாகையால், அவற்றின் உடலில் அதற்கு எதிர்ப்பு இருக்கவில்லை.

நோய்க்குக் காரணம் மிக நுண்ணிய ஒரு வைரஸ். ‘பார்வஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குச் ‘சிறியது’ என்பது பொருள். நாய்களிடம் வேறொரு பார்வோ வைரஸ் 1967-லேயே கண்டறியப்பட்டிருந்தமையால், புதியதற்கு ‘இரண்டாம் வகை’ என்று பெயரிட்டனர். அது பூனைகளை நெடுங்காலமாக வாட்டிவந்த ஒரு வைரஸுக்கு மிக நெருங்கிய உறவு என்பதும் விரைவில் புலனாயிற்று. மேலுறையில் நேர்ந்த ஒரு சில மாறுதல்களே, நாயின் உயிரணுவுக்குள் நுழையும் ஆற்றலை அதற்கு அளித்தன. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த பழைய இரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, 1970-களின் நடுவிலேயே ஐரோப்பிய நாய்கள் சிலவற்றிடம் இதன் தடயம் இருந்தமை தெரியவந்தது. வெளியே தெரியாமல் சில ஆண்டுகள் உலவிய பின்னரே அது கொள்ளைநோயாக வெடித்தது.

வேறு காப்பின்றித் தவித்த மருத்துவர்கள், முதலில் பூனைக்குரிய தடுப்பூசியையே நாய்களுக்குப் போட்டனர். உறவு நெருக்கமானதால் அது ஓரளவு பயன் தந்தது. பின்னர், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த லீலண்ட் கார்மைக்கேல், மாக்ஸ் ஆப்பெல் முதலியோர் நாயின் வைரஸையே வலுக்குன்றச் செய்து தடுப்பூசி ஆக்கினர். 1980-களின் தொடக்கத்தில் அது புழக்கத்துக்கு வந்தது. அதே காலத்தில் நம் நாட்டிலும் நோய் காணப்பட்டது. சென்னையிலிருந்து கால்நடை மருத்துவ அறிஞர்கள் அதனைப் பற்றி எழுதினர்.

ஊசி கிடைத்துவிட்டது, ஆயினும் ஊசி போட்ட குட்டிகளிலும் சில மாண்டன. மருந்து பழுதோ என்று மக்கள் ஐயுற்றனர். இதற்கு விடை தந்தவர்கள் பொல்லாக், கார்மைக்கேல் என்னும் இருவர். 1982-இல் வெளியான அவர்களது ஆராய்ச்சி, குற்றம் மருந்தினுடையதன்று, தாயின் கொடையே தடை என்று காட்டிற்று.

நோயெதிர்ப்பு பெற்ற தாய், பிறந்த குட்டிக்குத் தன் சீம்பாலின் வழியே எதிர்ப்புப் பொருள்களை ஊட்டுகிறது. முதல் வாரங்களில் குட்டியைக் காப்பது அதுவே. தாய்நாய்கள் எதிர்ப்புப் பெற்ற பின்னர், குட்டிகளின் இதயத்தைத் தாக்கும் அந்தக் கொடிய வடிவம் அருகிப்போனதும் இதனாலேயே. ஆனால், ஏறத்தாழ பத்து நாளுக்கு ஒருமுறை இக்கொடை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். குறையும் வழியில் ஓர் ஆபத்தான இடைவெளி நேரும். அப்போது எஞ்சியிருக்கும் எதிர்ப்பு, தெருவிலிருந்து வரும் கொடிய வைரஸைத் தடுக்கப் போதாது. ஊசியில் உள்ள சாதுவான வைரஸை அழிக்கவோ போதும். ஆகவே அந்நாளில் போட்ட ஊசி வீணாகிறது. நோயோ உள்ளே புகுகிறது. இந்த இடைவெளி ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு வாரத்தில் நேர்வதால், அதனை முன்கூட்டி அறிய இயலாது.

குட்டிகளுக்கு ஊசியைப் பன்முறை போடும் வழக்கத்துக்கு ஆதாரம் இந்த உண்மையே. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி. பின்னர் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை. கடைசி ஊசி 16 வாரம் நிறைந்தபோதோ அதன் பின்னரோ. சுமார் ஓராண்டில் மீண்டும் ஒன்று. அதன்பின் மருத்துவர் கூறும் கால அளவில். நம்மவர் பலர் முதல் ஊசியோடு கடமை முடிந்ததென்று நின்றுவிடுகின்றனர். உண்மையில், பெரும்பாலான குட்டிகளுக்கு உறுதியான காப்பைத் தருவது 16 வாரத்துக்குப் பின் போடும் அக்கடைசி ஊசியே.

வைரஸும் வாளாவிருக்கவில்லை. முதல் வகையைச் சில ஆண்டுகளிலேயே ‘2-ஏ’ என்பது விலக்கியது. 1984-இல் ‘2-பி’யும், 2000-இல் இத்தாலியில் ‘2-சி’யும் காணப்பட்டன. எனினும், நல்ல தடுப்பூசிகள் இவை யாவற்றினின்றும் காக்கின்றன என்பது ஆறுதல் தரும் செய்தி.

மண்ணிலும் தரையிலும் இவ்வைரஸ் பல மாதம் உயிர்ப்போடு கிடக்கும். காலணியில் ஒட்டியும் வீட்டுக்குள் வரும். சாதாரண சோப்பு நீருக்கு அது அழியாது. முதலில் அழுக்கைக் கழுவி நீக்கிவிட்டு, வெளுப்புத் திரவம் 1 பங்குக்கு 30 பங்கு நீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டால் அழியும். ஊசி வரிசை முடியும்வரை குட்டியைத் தெருவிலும் பூங்காவிலும் இறக்கிவிடலாகாது. விடுமுறையில் ஊருக்கு அழைத்துச் செல்வோர், இரயில் நிலைய மேடைகளில் அதனை நடக்கவிடாதிருத்தல் நன்று. குட்டி சோர்ந்து, உணவை மறுத்து, வாந்தி எடுத்தால், கைவைத்தியத்தில் பொழுதைப் போக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வைரஸைக் கொல்லவென்று நம்பகமான மருந்து எளிதில் கிட்டாவிடினும், இழந்த நீரை உடலில் ஏற்றிப் பேணினால் பெரும்பான்மையானவை பிழைக்கும். பேணாது விட்டால் பெரும்பான்மையானவை மடியும்.

தாய் தரும் காப்பு சில வாரங்களுக்கே உரியது. அது தேய்ந்து மறையும் நாளை நாம் அறியோம். அறியாத அந்நாளைக் கடக்க உதவும் பாலமே தொடர்ந்து போடும் ஊசிகள். பாலத்தை நடுவே நிறுத்திவிடாதிருப்பது வளர்ப்பவர் கடமை.