ஒயின் பாட்டிலில் இருக்கும் வருஷம்: பழசு என்றால் உசத்தியா?

லேபிளில் இருப்பது திராட்சை பறித்த வருஷம். பாட்டிலில் அடைத்தது அதற்கப்புறம்தான்.

பழசு என்பதற்காகவே கூடுதல் காசு கொடுத்துடாதீங்க. பிரான்சின் போர்தோவில் 2013-ல் பூக்கும்போது குளிரும் மழையும், பறிக்கும்போது அழுகலும் படுத்தி எடுத்தன. அதைவிட இளசான 2016-தான் அங்கே கொண்டாடப்படும் வருஷம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கிளாஸை வெள்ளைத் தாள்மேல் சாய்த்துப் பாருங்கள். இளம் சிவப்பு ஒயினில் ஊதாச் சாயல் இருக்கும். வயதாக ஆக ஓரம் செங்கல் நிறமாகும். பிறகு ஒரு வாய். பால் சேர்க்காத டீ மாதிரி ஈறைப் பிடிக்கிற துவர்ப்புதான் டானின். அதுவும் புளிப்பும் பழச்சுவையும் சேர்ந்து நின்றால்தான் சிவப்பு ஒயின் பல வருஷம் தாங்கும். (துவர்ப்பு மட்டும் மிஞ்சினால், காலம் கடந்துவிட்டது.)

கடையில் கிடைக்கும் பெரும்பாலானவை சில வருஷத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்தவை. சென்னை வெயிலில் அலமாரியில் பூட்டிவைத்தால் கெட்டுத்தான் போகும்.