காந்தம் தரும் குளிர்ச்சி

ரப்பர்ப் பட்டையொன்றை விரைந்து இழுத்து உதட்டில் ஒற்றினால் இளஞ்சூடு தோன்றும். இழுத்தபடியே சூடாறவிட்டுச் சட்டென்று தளர்த்தினால் அது குளிரும். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப்பள்ளி மாணாக்கரும் செய்து பார்க்கத்தக்க இச்சோதனையைப் போன்றதே காந்தக் குளிர்ச்சியும். சில பொருள்களைக் காந்தப் புலத்தில் வைத்தால் அவற்றின் அணுக்காந்தங்கள் ஒழுங்குபடும், வெப்பம் வெளிப்படும். அவ்வெப்பத்தை அகற்றிப் புலத்தையும் நீக்கினால் ஒழுங்கு குலைந்து பொருள் குளிரும். வாயுவை அமுக்கும் பொறி இதற்கு வேண்டியதில்லை.

இவ்விளைவை 1917-இல் வைஸ், பிக்கார் என்போர் நிக்கலில் ஆராய்ந்தனர். 1933-இல் அமெரிக்காவில் ஜியோக், மக்டூகல் இருவரும் 61 கிராம் காடோலினியம் சல்பேட்டைக் கொண்டு, தனிச்சுழிக்கு மேல் 1.5 பாகையிலிருந்து 0.25 பாகைக்கு இறங்கினர். ஜியோக் 1949-இல் நோபல் பரிசு பெற்றார். வரலாறு கூறுவோர் பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுகின்றனர்.

ஆனால் உப்பின் இயல்பை அறிய வேண்டாவா? வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டாக்காவிலும் 1933 முதல் கல்கத்தாவிலும், படிகங்களின் காந்தத்தன்மை திசைக்குத் திசை வேறுபடுவதை நுட்பமாக அளந்தார். படிகத்துள் ஓர் அணுவை அண்டை அணுக்களின் மின்புலம் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதை விளக்க அவ்வளவைகள் துணை நின்றன. ஓர் உப்பைக் கொண்டு எவ்வளவு தாழ இறங்கலாம் என்பதற்கு வரம்பிடுவனவற்றுள் அக்கட்டுப்பாடும் ஒன்று. இராமன் விளைவோடு மட்டுமே கிருஷ்ணனைச் சேர்த்துப் பேசுவது அவருக்குச் செய்யும் நீதி ஆகாது.

1976-இல் பிரவுன் என்னும் அமெரிக்கர் காடோலினிய உலோகத்தால் அறைவெப்ப நிலையிலேயே இம்முறை இயலும் எனக் காட்டினார். அவ்வுலோகம் தன் காந்தத்தை இழக்கும் நிலை ஏறக்குறைய 20 பாகை. விளைவு மிகுவதும் அங்கேதான். குளிர்நாட்டு அறைக்கு அது பொருந்தலாம். பிரிக்பீல்ட்ஸ் தெருவின் நண்பகல் வெப்பமோ 30 பாகையைத் தாண்டும். விலையும் அதிகம்.

ஆதலின் லாந்தனம், மாங்கனீஸ் சேர்ந்த ஆக்ஸைடுகளின்மேல் ஆராய்ச்சியாளர் கருத்துச் சென்றது. அவற்றில் லாந்தனத்தில் மூன்றிலொரு பங்கை நீக்கிக் கால்சியம் இட்டால், காந்தம் இழக்கும் நிலை நீர் உறையும் நிலைக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஸ்டிராண்டியம் இட்டால் 90 பாகையை ஒட்டி ஏறும். இரண்டையும் அளவறிந்து கலந்தால் கோலாலம்பூர் வெயிலுக்கேற்ற நிலை கிட்டும்.

ஒவ்வொரு கலவையையும் உலையிலிட்டுப் பார்ப்பது நெடுவேலை. கோன், ஷாம் இருவரும் 1965-இல் வகுத்த முறையால் அணுக்களிடை உறவைக் கணிப்பொறியிலேயே மதிப்பிடுகின்றனர். மாங்கனீசின் எதிர்மின்னிகள் ஒன்றையொன்று வன்மையாகத் தள்ளுவதால் எளிய கணக்கு இங்கே பிழைபடும். திருத்தம் சேர்த்து, அளந்த மதிப்போடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. இவ்வாக்ஸைடுகள் காடோலினியத்தைவிடக் குறைவாகவே குளிர்விக்கின்றன. எந்த அணுவை எங்கே மாற்றியிட்டால் அக்குறை தீரும் என்பதே இன்று கணிப்பொறியிடம் கேட்கப்படும் கேள்வி.