பேட்டரி மேல் ஒட்டிய தேதி

சென்ற ஞாயிறு காலை நெமிலிச்சேரி ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வந்து காபி டம்ளரைக் கையில் எடுத்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கை மகன் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே கிளைடர் ஓட்டப் பழகுகிறான். கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். மேலே எழும்பும் வெப்பக் காற்றைப் பிடித்துக்கொண்டு பருந்து போல வட்டமிடுவது. உள்ளங்கை அளவில் ஒரு கருவியைக் காட்டினான். தான் இருக்கும் இடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். "நேத்து சார்ஜ் போட மறந்துட்டேன் மாமா, பாதிதான் இருந்தது. ஒண்ணும் ஆகலை" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 30 வருஷம் பேட்டரி அறையில் வேலை பார்த்தவன் நான். அன்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விழுந்த விமானம் தானே குரல் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. மோதியதும் இயங்கும் அவசரக் கருவிகள் 1970களிலேயே அமெரிக்க விமானங்களில் வந்துவிட்டன. பக்கத்தில் வேறு விமானம் பறந்தால்தான் அந்தக் குரல் கேட்கும். செயற்கைக்கோள் வழியாகக் கேட்கும் ஏற்பாட்டில், பனிப்போர் காலத்திலேயே அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கைகோத்தன. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த ஒரு சிறு விமானத்தின் குரலை சோவியத் செயற்கைக்கோள் கேட்டது. மூன்று பேர் பிழைத்தார்கள். பின்னர் இந்தியாவும் அதில் சேர்ந்தது. நம் மையம் பெங்களூரில் இஸ்ரோவிடம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கருவி மோதிய பிறகுதான் பேசும். மோதலில் அதுவே நொறுங்கினால்? ஸ்டீவ் ஃபாசெட் 2006இல் கிளைடரில் 50,000 அடிக்கு மேல் ஏறி உலக சாதனை செய்தவர். 2007 செப்டம்பர் 3 அன்று நெவாடாவில் ஒரு சிறு விமானத்தில் கிளம்பினார், திரும்பவில்லை. கருவியின் குரல் யாருக்கும் எட்டவில்லை. ஒரு வருஷம் கழித்து, மலையில் நடந்து போன ஒருவர் கண்ணில் அவருடைய அடையாள அட்டைகள் பட்டன. அதன் பிறகுதான் விமானம் கிடைத்தது. தங்கை மகன் வைத்திருப்பது வேறு வகை. பறக்கும்போதே புள்ளி புள்ளியாகத் தடம் விட்டுக்கொண்டு போகும். கருவி உடைந்தாலும் கடைசிப் புள்ளி மிஞ்சும், அதுவரை பேட்டரி உயிரோடு இருந்திருந்தால்.

நம் கடற்கரைக் கதைக்கு வருகிறேன். 2015 ஜூன் 8 இரவு கடலோரக் காவல்படையின் டோர்னியர் மூன்று பேருடன் மறைந்தது. செயற்கைக்கோள் கேட்கும் ரேடியோ அலை தண்ணீரைத் தாண்டாது. ஆனால் அந்த விமானத்தில் தண்ணீருக்குள் ஒலி எழுப்பும் கருவி ஒன்றும் இருந்தது. அதன் பேட்டரி சுமார் 30 நாள் தாங்கும். அந்த ஒலியைக் கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கி கேட்டது. ஜூலை 10 அன்று கடலூர் பக்கம் சுமார் 950 மீட்டர் ஆழத்தில் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்த வருஷம், 2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.32 மறைந்தது. நீருக்குள் ஒலிக்கும் கருவி அதில் இல்லை என்று அப்போது செய்தி வந்தது. பல வாரம் தேடினார்கள். பிறகு, பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் சிதறல்கள் தெரிந்தன. அது அந்த விமானத்தினுடையதாக இருக்கலாம் என்று அறிவித்தது 2024 ஜனவரியில். ஒரு வீட்டில் ஒரு மாதத்தில் பதில் வந்தது; இன்னொரு வீட்டில் ஏழரை வருஷம்.

கருவி இருந்தால் மட்டும் போதாது. 2014இல் மறைந்த மலேசிய விமானம் எம்.எச்.370இன் பறப்புப் பதிவுக் கருவியோடு இருந்த ஒலிக்கருவி பேட்டரிக்கு 2012 டிசம்பரிலேயே தவணை முடிந்துவிட்டது. விசாரணை அறிக்கையே அதைச் சொல்கிறது. மாற்றவேண்டிய தேதியை யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அந்த "யாரோ" நானாகவும் இருந்திருக்கிறேன். வேலை பார்த்த இடத்தில் அவசர விளக்கு பேட்டரிகளை மாதம் ஒருமுறை லோடு கொடுத்துச் சோதித்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதம் அவசரத்தில் வோல்டேஜ் மட்டும் பார்த்துவிட்டு "சரி" என்று எழுதினேன். பழைய பேட்டரி வோல்டேஜ் காட்டும், லோடு வந்தால் படுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த வாரமே கரண்ட் போனது. விளக்கு மூன்று நிமிஷம்கூட எரியவில்லை. இருட்டில் படியிறங்கிய சக ஊழியருக்கு மணிக்கட்டு முறிந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் அதுதான் உறுத்துகிறது.

மருமகனிடம் நாலு விஷயம் சொன்னேன். உயரத்தில் குளிரும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அடிக்கடி இடம் சொல்லும்படி வைத்தால் அதற்குத் தக்கபடி சார்ஜ் குறையும். வானம் தெரியாத மூலையிலோ கார்பன் உடம்புக்குள்ளோ வைத்தால் சிக்னல் போகாது. அது திரும்பத் திரும்ப முயற்சி செய்தே ஓய்ந்துபோகும். கடைசியாக, முழு சார்ஜ் இல்லாமல் ஏறாதே.

"சரி மாமா" என்றான். நேற்று வாட்ஸ்அப்பில் கருவியின் திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். 100 என்று காட்டியது. நானும் எழுந்துபோய் வீட்டு எமர்ஜென்சி லைட்டைப் பத்து நிமிஷம் எரியவிட்டுப் பார்த்தேன். நீங்களும் இன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.